பயாப்ஸி ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்

(இரைப்பை, குடல், கணையத்தில் வரும் நியூரோ எண்டோக்ரைன் கட்டிகள் குறித்து, நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



போன சந்திப்பில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். இன்றைக்குப் பெயரே வாயில் நுழையாத ஒரு நோயை எடுத்திருக்கிறோமே, இது யாருக்கு வரப்போகிறது என்று வாசலிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இது அடிக்கடி வரும் நோய் அல்ல. ஆனாலும் உதவி கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களோடு இணைத்த ரிப்போர்ட்டுகளில் இந்தப் பெயரை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படி வந்த குடும்பங்களில் சில, தேவையே இல்லாமல் நடுங்கிப்போய் நகையை அடகு வைத்திருந்தன. சில, பயப்பட வேண்டிய இடத்தில் "ஒன்றுமில்லையாம்" என்று நிம்மதியாக இருந்தன. இரண்டு பக்கத்துக்கும் காரணம் ஒன்றுதான். நோயின் பெயரைப் படித்தார்கள். அதன் வகையைப் படிக்கவில்லை. இந்த நோயில் பெயரைவிட வகைதான் பெரிது.

பெயரை முதலில் முடித்துவிடுவோம். நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தமக்கு நியூரோ எண்டோக்ரைன் கட்டி இருப்பதாக அறிவித்தார். "நியூரோ" என்ற சொல்லைப் பார்த்ததும் மூளைக் கட்டி என்று நாடே பேசியது. அது எப்போதும் மூளையைக் குறிப்பதல்ல என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரல் 29 அன்று அவர் மும்பையில் காலமானார். இந்த நோயின் பெயரை நம்மில் பலர் கேட்டது அப்போதுதான்.

நம் இரைப்பை, குடல், கணையம் ஆகியவற்றில் சில விசேஷ செல்கள் ஆங்காங்கே தூவினாற்போல இருக்கின்றன. உணவு வந்ததும் அதை உணர்ந்து ஹார்மோன்களைச் சுரப்பது இவற்றின் வேலை. அமிலம் சுரக்கச் சொல்லும் காஸ்ட்ரின், குடலை அசைக்கும் செரோடோனின், சர்க்கரையை இறக்கும் இன்சுலின் எல்லாம் இந்தக் கூட்டத்திலிருந்து வருபவைதான். நரம்பு செல்லின் குணமும் சுரப்பி செல்லின் குணமும் இவற்றில் சேர்ந்திருப்பதால் நியூரோ எண்டோக்ரைன் என்று பெயர். இந்த செல்களிலிருந்து எழும் கட்டிதான் நாம் பேசும் கட்டி. குடல் புற்று, கணையப் புற்று என்று பொதுவாகச் சொல்வது வேறு வகை செல்களிலிருந்து வருவது. "கணையத்தில் கட்டி" என்று கேட்டவுடனேயே முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003ல் கணையத்தில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த வகைக் கட்டிதான். அறுவையை ஒன்பது மாதம் போலத் தள்ளிப்போட்டும் அவர் 2011 வரை வாழ்ந்தார். வழக்கமான கணையப் புற்றில் அவ்வளவு காலம் கிடைப்பது மிக அரிது.

பழைய ரிப்போர்ட்டுகளில் "கார்சினாய்டு" என்ற சொல் இருக்கும். புற்றுநோய் போன்றது, ஆனால் புற்றுநோய் அல்ல என்ற பொருளில் 1907ல் ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்டர் ஒபர்ன்டோர்ஃபர் வைத்த பெயர் அது. பின்னர் 1929ல் அவரே, இவற்றில் சில பரவவும் செய்யும் என்று திருத்திச் சொன்னார். யூதர் என்பதால் 1933ல் அவர் வேலையிழந்து நாட்டைவிட்டு வெளியேற, இஸ்தான்புல் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்தது. 1944ல் அந்த ஊரிலேயே இறந்தார். பெயர் வைத்தவர் திருத்திய பிறகும் "கார்சினாய்டு என்றால் சாதுவானது" என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. பத்து வருடத்துக்கு முந்திய கார்சினாய்டு ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் இந்தச் சபையில் யாராவது இருந்தால், அதை எடுத்துக்கொண்டு ஒருமுறை டாக்டரைப் பாருங்கள்.

சரி, இது எப்படித் தெரியவரும்? பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ எண்டோஸ்கோபி செய்யும்போது, ஸ்கேன் எடுக்கும்போது, குடல்வால் அறுவை செய்யும்போது அகப்படும். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1973ல் ஒரு லட்சம் பேருக்கு 1.09 என்று இருந்த எண்ணிக்கை 2012ல் 6.98 ஆயிற்று. உடலின் எல்லா இடத்து நியூரோ எண்டோக்ரைன் கட்டிகளையும் சேர்த்த கணக்கு இது. நோய் பெருகிவிட்டது என்பதைவிட, பார்க்கும் கருவிகள் பெருகிவிட்டன என்பதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அறிகுறி காட்டும் கட்டிகளில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சிறுகுடலில் வருவது. இது செரோடோனினை அதிகமாகச் சுரக்கும். குடலிலிருந்து போகும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரல் அந்தச் சரக்கை உடைத்துப் போட்டுவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. கட்டி கல்லீரலுக்கே பரவிய பிறகு, அங்கே சுரப்பது நேராக உடலுக்குள் போய்விடுகிறது. அப்போது முகமும் கழுத்தும் திடீரென்று சூடாகிச் சிவக்கும். நிறம் கறுத்தவர்களுக்குச் சிவப்பு தெரியாமல் சூடு மட்டும் தெரியலாம். தண்ணீராகப் பேதி போகும், இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போகும் அளவுக்கு. சிலருக்கு மூச்சு இழுக்கும். நாளானால் இதயத்தின் வலப்பக்க வால்வுகள் கெட்டுப் போகும். நம் வீடுகளில் இதற்கு என்ன பெயர் வைக்கிறோம்? ஐம்பது வயதுப் பெண்மணி என்றால் மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு. பேதி என்றால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து, பக்கத்தில் நெறிகட்டியிருந்தால், நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது குடல் காசநோய். காசநோய் இங்கே அதிகம் என்பதால் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் திசுப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகாமல், மருந்து சாப்பிட்டும் குறையாமல் இருந்தால், வேறு என்னவாக இருக்கும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இரண்டாவது, நோன்பு மாதத்தோடு தொடர்புடையது என்பதால் கவனமாகக் கேளுங்கள். கணையத்தில் இன்சுலினைத் தன் இஷ்டத்துக்குச் சுரக்கும் கட்டி ஒன்று உண்டு, இன்சுலினோமா என்று பெயர். சாதாரணமாக நாம் பட்டினி இருக்கும்போது உடல் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆரோக்கியமானவர் ஸஹரிலிருந்து மஃரிப் வரை தெம்பாக இருக்க முடிகிறது. இந்தக் கட்டி இருப்பவருக்கு இன்சுலின் குறையாது. வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். அதற்கு மேல் மூளைக்குச் சர்க்கரை போதாமல் பார்வை இரட்டையாகும், பேச்சு குளறும், ஆளை அடையாளம் தெரியாது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவார், வலிப்பும் வரலாம். இஃப்தாருக்குப் பேரீச்சம்பழமும் சர்பத்தும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பழைய ஆளாகிவிடுவார். நடந்தது அவருக்கே நினைவிருக்காது.

இதைப் பார்க்கும் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காத்து கருப்பு, ஜின் சேஷ்டை என்பார்கள். வலிப்பு நோய், மனநோய் என்று வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உலகெங்கும் உண்டு என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. கூடவே அந்த நேரத்தில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். குளுக்கோமீட்டர் இல்லாத தெரு இன்றைக்கு இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்காத ஒருவருக்கு 55க்குக் கீழே காட்டினால் அதை எழுதி வைத்துக்கொண்டு, உடனே இனிப்புக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். அறிகுறி, அந்த நேரத்தில் குறைந்த சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் தெளிவு. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதை விப்பிள் என்ற அறுவை நிபுணரின் பெயரால் டாக்டர்கள் அழைக்கிறார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, 72 மணி நேரம் வரை உணவில்லாமல், தண்ணீர் மட்டும் கொடுத்து, சர்க்கரை இறங்கும் தருணத்தில் இன்சுலினையும் சி-பெப்டைடையும் அளப்பார்கள். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. இன்சுலினோமாக்களில் பத்தில் ஒன்பது பரவாதவை. பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியவை. எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுக்கும் வரை நோன்பு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பது நாமெல்லாம் அறிந்ததே. டாக்டர் எழுதிய சீட்டோடு இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கட்டி காஸ்ட்ரினைச் சுரந்து இரைப்பையில் அமிலத்தைக் கொட்ட வைக்கும். 1955ல் ஸோலிங்கர், எலிசன் என்ற இரண்டு அமெரிக்க அறுவை நிபுணர்கள் இதை விவரித்தார்கள். மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்ப அல்சர், கூடவே பேதி என்றால் இது நினைவுக்கு வர வேண்டும். இதே ஆளுக்குச் சிறுநீரகக் கல்லும் அடிக்கடி வந்து, குடும்பத்தில் வேறு சிலருக்கும் இப்படி இருந்தால், மென்-1 என்ற பரம்பரைக் கோளாறைத் தேடுவார்கள். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று யாரும் மருமகளைப் பேச வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள கோளாறு இது. உறவில் திருமணம் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனிப் பரிசோதனைகளுக்கு வருவோம். ரத்தத்தில் குரோமோகிரானின்-ஏ என்று ஒன்று பார்ப்பார்கள். நம் மக்கள் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் விழுங்குகிறோம். அந்த மாத்திரையே இந்த அளவை ஏற்றிக் காட்டும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். எனவே இந்த ஒரு எண்ணை வைத்துக் கட்டி இருக்கிறது என்று சொல்ல முடியாது. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். காஸ்ட்ரின் கட்டி உள்ளவர் அமில மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அல்சர் ஓட்டையாகிவிடவும் கூடும்.

செரோடோனின் கட்டிக்கு 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்து 5-ஹெச்ஐஏஏ என்ற கழிவுப்பொருளை அளப்பார்கள். அதற்கு முன்னும் சேகரிக்கும் நாளிலும், மொத்தம் மூன்று நாள் போல, வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் சாப்பிடக் கூடாது. இவற்றில் செரோடோனின் உண்டு. இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். கல்யாண பிரியாணியும் அதற்குத் துணையான கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கேனைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போகாதீர்கள்.

இவையெல்லாம் சந்தேகத்தைப் பலப்படுத்தும். உறுதி செய்வது திசுப் பரிசோதனை மட்டுமே. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி சில இடங்களில் மலிவாக முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கட்டியின் வகையைச் சரியாகப் பிரிக்க அது பெரும்பாலும் போதாது. திசுத் துண்டாக எடுக்கும் பயாப்ஸி வேண்டும். அந்தத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார் நோயியல் டாக்டர். சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற இரண்டு சாயங்களும் ஏறினால், இது நியூரோ எண்டோக்ரைன் குடும்பம் என்று தெரிகிறது. ரிப்போர்ட்டின் முதல் பக்கம் இங்கே முடிகிறது. வாட்ஸ்அப்பில் நமக்கு அனுப்பப்படுவதும், துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்பப்படுவதும் பெரும்பாலும் இந்த முதல் பக்கம்தான்.

இரண்டாம் பக்கத்தில் கேஐ-67 என்று ஓர் எண் இருக்கும். பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் மட்டும் இருக்கும் ஒரு புரதம் அது. ஜெர்மனியில் கீல் என்ற ஊரில் கண்டுபிடித்ததாலும், சோதனைத் தட்டில் 67-வது குழியில் கிடைத்ததாலும் அந்தப் பெயர். சாயம் அதிகம் ஏறிய பகுதியில் குறைந்தது 500 செல்களை எண்ணி, அதில் நூற்றுக்கு எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். 3 சதவீதத்துக்குக் கீழே என்றால் கிரேடு 1. 3 முதல் 20 வரை கிரேடு 2. 20க்கு மேல் கிரேடு 3. இதோடு, இரண்டு சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்பதையும் எண்ணுவார்கள். இரண்டும் வேறு கிரேடு காட்டினால் உயர்ந்ததை எடுத்துக்கொள்வார்கள்.

எண் மட்டும் போதாது. செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தாய் செல்லின் சாயலோடு ஒழுங்காக இருந்தால் அது "நெட்", அதாவது நியூரோ எண்டோக்ரைன் கட்டி. சாயலே இல்லாமல் சிதைந்து, கட்டுக்கடங்காமல் இருந்தால் அது "நெக்", நியூரோ எண்டோக்ரைன் கார்சினோமா. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள். நெட் மெதுவாகப் போவது. பரவிய பிறகும் பல வருடம் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நெக் வேகமானது, வாரக்கணக்கில் கூடத் தாமதிக்கக் கூடாது, சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு எட்டோபோசைடு சேர்த்துக் கீமோ தொடங்குவார்கள். முன்பு 20க்கு மேல் இருந்தாலே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2017ல் கணையத்துக்கும் 2019ல் ஜீரணப் பாதை முழுமைக்கும், 20க்கு மேல் எண் இருந்தாலும் ஒழுங்கான அமைப்புள்ளதை "நெட் கிரேடு 3" என்று தனியே பிரித்துவிட்டது. இவை இரண்டையும் பிரிப்பது அனுபவமுள்ளவருக்கே சில சமயம் சிரமம். பி53, ஆர்பி என்ற கூடுதல் சாயங்கள் உதவும். எங்கள் அபிப்பிராயத்தில், இந்த நோயில் இரண்டாவது டாக்டரிடம் போவதைவிட முக்கியம், அதே திசுவை இரண்டாவது நோயியல் நிபுணர் பார்ப்பது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம், அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் இல்லாமல். இருபத்து நான்கு வயதுப் பையன். வயிற்று வலி என்று இரவோடு இரவாகக் குடல்வாலை எடுத்தார்கள். தையல் பிரித்து, நிக்காஹ் பேசி முடித்து, மண்டபமும் பிடித்த பிறகு பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. "நியூரோ எண்டோக்ரைன் ட்யூமர்". யாரோ கூகுளில் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்ல, செய்தி பெண் வீட்டாருக்குப் போய்விட்டது. பையனின் உம்மா நம் அலுவலகத்துக்கு வந்து, சிகிச்சைக்கு வீட்டை விற்கப்போகிறோம், அதுவரை கடன் கிடைக்குமா என்று கேட்டார். இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டோம். வீட்டில் இருக்கிறது என்றார். வரவழைத்துப் பார்த்தால் எட்டு மில்லிமீட்டர் கட்டி, கிரேடு 1, கேஐ-67 ஒரு சதவீதத்துக்குக் கீழே, வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை. சில நூறு குடல்வால் அறுவைகளில் ஒன்றில் இப்படி அகப்படுவதுண்டு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக, முழுவதும் எடுக்கப்பட்டிருந்தால், பொதுவாக அந்த அறுவையே முழுச் சிகிச்சை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெருங்குடலின் வலப் பகுதியையும் எடுக்க வேண்டியிருக்கும். இடைப்பட்டதற்கு மற்ற அடையாளங்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். புற்றுநோய் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார். அதை ஒரு கடிதமாக எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினோம். அந்தக் கடிதத்தைப் பெண்ணின் மாமா, அவர் ஒரு கம்பவுண்டர், மூன்று முறை படித்தார். குறித்த தேதியில் நிக்காஹ் நடந்தது.

இதே எட்டு மில்லிமீட்டர் வேறு இடத்தில் வேறு கதை. சிறுகுடலில் ஒரு சென்டிமீட்டர் கட்டியே நெறிகளுக்குப் பரவியிருக்கலாம். மலக்குடலில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியாகவே எடுத்துவிடலாம். ஓரம் சுத்தமா என்று மட்டும் உறுதி செய்ய வேண்டும். மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று சொல்லி மறைத்துக்கொண்டே இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டே கொலோனோஸ்கோபி செய்துகொள்ளலாம், கேட்பதில் வெட்கமில்லை.

இரைப்பையில் மூன்று விதம் உண்டு. பெரும்பாலும் பார்ப்பது முதல் விதம்: இரைப்பைச் சுவர் மெலிந்து, அமிலம் வற்றி, பி12 குறைந்து, அதன் விளைவாகச் சின்னச் சின்னக் கட்டிகள் பல முளைப்பது. இவை பெரும்பாலும் சாதுவானவை. எடுத்துவிட்டு அவ்வப்போது உள்ளே பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாம் விதம் காஸ்ட்ரின் கட்டியோடு சேர்ந்து வருவது. மூன்றாம் விதம் ஒற்றைக் கட்டியாக, எந்தக் காரணமும் இல்லாமல், ஆரோக்கியமான இரைப்பையில் வருவது. அதைச் சாதாரணமாக விடக் கூடாது. அதனால்தான் கட்டியிலிருந்து மட்டுமல்ல, பக்கத்துச் சுவரிலிருந்தும் திசு எடுக்கச் சொல்கிறார்கள்.

கிரேடு என்பதும் ஸ்டேஜ் என்பதும் ஒன்றல்ல. கிரேடு என்பது கட்டியின் வேகம். ஸ்டேஜ் என்பது அது போய்ச் சேர்ந்த தூரம். "நாலாம் ஸ்டேஜ், இனி என்ன இருக்கிறது" என்று ஒரு பெரியவரை வீட்டோடு வைத்துவிட்டார்கள். கிரேடு 1, கல்லீரலில் பரவல். மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வக்து தவறாமல் பள்ளிக்கு நடந்து வருகிறார் இப்போது. தூரத்தைப் பார்த்த வீட்டார் வேகத்தைப் பார்க்கவில்லை.

தூரத்தைப் பார்க்க மருந்து ஏற்றி எடுக்கும் சிடி, கல்லீரலுக்கு எம்ஆர்ஐ, கணையத்துக்கு உள்ளே விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு என்று உண்டு. இந்த நோய்க்கே உரியது காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன். ஒழுங்கான கட்டி செல்களின் மேல் சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோனுக்கான பூட்டுகள் நிறைய இருக்கும். அந்தப் பூட்டுக்கு ஏற்ற சாவியில் கொஞ்சம் கதிரியக்கத்தைக் கட்டி உடலில் ஏற்றினால், கட்டி எங்கே ஒளிந்திருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். இதில் ஒளிர்ந்தால் அதே சாவியில் லுட்டீஷியம்-177 கட்டிச் சிகிச்சையாகவும் கொடுக்க முடியும். வேகமான கட்டிகளில் பூட்டுகள் குறைவு. அவை சர்க்கரையைத் தின்பவை, எனவே சாதாரண எஃப்டிஜி பெட் ஸ்கேனில் தெரியும். எந்த பெட் என்று கேட்காமல் "பெட் எடுக்கச் சொன்னார்கள்" என்று போய், வேறொன்றை எடுத்துவிட்டு, பணமும் செலவாகி, மறுபடி எடுக்க வேண்டிய நிலை வேண்டாம். சீட்டில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உதவி கேட்டு வருபவர்கள் கொண்டுவர வேண்டியது: ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், ஸ்கேன் சிடியும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும். எந்தப் பரிசோதனை காப்பீட்டில் வரும் என்பதைச் செய்வதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் போகிறவர்கள், முதலில் பயாப்ஸி செய்த லேபிலிருந்து கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கடிதம் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே திரும்பப் பார்ப்பார்கள். மறுபடி ஊசி குத்த வேண்டியிராது. மெழுகுக் கட்டியை வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உருகிவிடும்.

பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. டோட்டாடேட் ஸ்கேன் எடுத்தவர் வீட்டில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். காலியம்-68ன் வீரியம் 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறு மணி நேரத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் மீதி இருக்கும். காலையில் எடுத்தவர் நிறையத் தண்ணீர் குடித்து, அன்றைக்குப் பகல் மட்டும் கைக்குழந்தையை விட்டுச் சற்று விலகி இருந்தால் போதும்; ராத்திரி பேரனைத் தூக்கிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுப்பவரும் ஸ்கேனுக்கு நாள் வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். மற்ற சீட்டுகளுக்கு இஷாவுக்குப் பிறகு அலுவலக அறையில் பதில் சொல்கிறோம். வஸ்ஸலாம்.